பஸ் டிரைவர் மகன் குத்துச்சண்டைக்குப் போன கதை

சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு தாய் என்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார். செரண்டாவுக்குப் பக்கத்தில் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிற வேலை அவருக்கு. கணவர் காலமாகிவிட்டார். மூத்த மகன் ஆறாண்டும் எங்கள் பள்ளியில் படித்தவன். இப்போது பதினேழு வயது.

"சார், இவன் பாக்சிங் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். சும்மா விளையாட்டுக்கு இல்லியாம். அதையே தொழிலா வச்சிக்கப் போறானாம். மேடையில ஏறுனா காசு குடுப்பாங்களாம். நீங்க ரெண்டு வார்த்தை எடுத்துச் சொல்லணும் சார்."

பையன் வாசலில் செருப்பைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான். வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னாலும் அப்படித்தான் நிற்பான்.

எடுத்துச் சொல்வதென்றால் என்ன சொல்வது, வாசகர்களே? "போகாதே" என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அந்த அம்மாவும் அதைக் கேட்கத்தான் வந்தார். ஆனால் தெரியாத ஒரு விஷயத்தைப் பற்றித் தெரிந்தவன்போல் பேசுவது வாத்தியார் வேலைக்கு அடுக்குமா? "ஒரு மாசம் பொறுங்கம்மா. படிச்சிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று அனுப்பிவைத்தேன். அப்படிப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் உங்களிடமும் சொல்லப் போகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம் அல்லவா?

அலி வந்த காலம்

நம் தோட்டத்து மனிதர்களுக்குக் குத்துச்சண்டை புதியதல்ல. 1975ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி, கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டேடியத்தில் முகம்மது அலியும் பிரிட்டனின் ஜோ பக்னரும் மோதினார்கள். அமெரிக்காவில் இரவு நேரத்தில் டெலிவிஷனில் காட்ட வேண்டும் என்பதற்காக இங்கே காலையிலேயே சண்டை நடந்தது. அந்த வெயிலில் முழுதாகப் பதினைந்து சுற்று! புள்ளிகள் அடிப்படையில் அலி வென்றார்.

என் தந்தை அப்போது கல்யாணமாகாத இளைஞர், பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். பேப்பரில் வந்த அலியின் படத்தை வெட்டி லயத்து வீட்டுப் பலகைச் சுவரில், முருகன் படத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒட்டியிருந்தாராம். "சாமி படத்துக்குப் பக்கத்துலயா சண்டைக்காரன் படம்?" என்று பாட்டி சத்தம் போட்டும் அதை எடுக்கவில்லையாம்.

தமிழ்நாட்டிலும் இந்தக் கலைக்கு ஒரு பழைய வீடு உண்டு. வடசென்னையில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குழுக்கள் பிரிந்து, மானப் பிரச்சினையாகவே குத்துச்சண்டை நடத்தினார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் மீன்பிடிக்கிறவர்களும்தான் அதில் பெரும்பாலோர். 2021இல் வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முகம்மது அலியே 1980இல் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் கண்காட்சிச் சண்டை போட்டிருக்கிறார். அந்த மண்ணிலிருந்து வந்த வி. தேவராஜன் 1994இல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலப் பதக்கம் வாங்கினார். அடுத்த ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் அவருக்குக் கிடைத்தது. நம் நாட்டுக்கு வந்தால், 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் சபோக் பிக்கி தங்கம் வாங்கியபோது நான் படிவம் ஐந்து முடித்த வயது. வீடு வீடாகக் கைதட்டல் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் இவையெல்லாம் பதக்கத்துக்கான சண்டை. என் மாணவன் கேட்பது வேறு. குத்துச்சண்டையையே சோறு போடும் தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா? அதற்கு நான் தேடியபோது நம் குடும்பங்களுக்குப் பொருத்தமான ஓர் ஆள் கிடைத்தார். தமிழர் அல்லர், ஆனால் அவர் பிறந்த வீடு நம் வீடு மாதிரிதான்.

ஓவர்டைம் ஓட்டிய தகப்பனார்

வட இந்தியாவில் ஹரியானா மாநிலம், பிவானி நகரத்துக்குப் பக்கத்தில் காலுவாஸ் என்றொரு கிராமம். அங்கே 1985 அக்டோபர் 29ஆம் தேதி பிறந்தவர் விஜேந்தர் சிங். தகப்பனார் மகிபால் சிங் பெனிவால், அரசாங்க பஸ் டிரைவர். பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காக ஓவர்டைம் வண்டி ஓட்டிய மனிதர் அவர். ஓவர்டைம் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முதலில் குத்துச்சண்டைக்குப் போனவர் அண்ணன் மனோஜ். அந்தத் தகுதியால் 1998இல் அவருக்கு ராணுவத்தில் வேலை கிடைத்தது. வேலை கிடைத்ததும் தம்பியின் பயிற்சிக்குப் பணம் கொடுத்து ஆதரித்தார். இதைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்த வட்டாரத்தில் பையன்கள் குத்துச்சண்டைக்குப் போனது உலகப் புகழுக்காக அல்ல. விளையாட்டில் பதக்கம் வாங்கினால் ராணுவத்திலோ ரயில்வேயிலோ போலீசிலோ அரசாங்க வேலை கிடைக்கும் என்ற கணக்குத்தான். பிவானி பாக்சிங் கிளப்பில் ஜக்தீஷ் சிங் என்ற பயிற்சியாளரிடம் விஜேந்தர் சேர்ந்தார். அந்த ஊருக்கே 'குட்டி கியூபா' என்று பெயர். குத்துச்சண்டையில் கியூபா நாடு அப்படிப் பேர் போனது.

பதினெட்டு வயதில் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குப் போனார். முதல் சண்டையிலேயே தோல்வி. 2006 மெல்பர்ன் காமன்வெல்த் விளையாட்டில் வெள்ளி. அதே ஆண்டு தோஹா ஆசிய விளையாட்டில் வெண்கலம். பிறகு 2008, பெய்ஜிங் ஒலிம்பிக். அந்த முறை இந்தியா அனுப்பிய ஐந்து குத்துச்சண்டை வீரர்களில் நால்வர் பிவானிப் பையன்கள்! முதல் சுற்றில் காம்பியாவின் பாடு ஜாக் என்பவரை விஜேந்தர் தோற்கடித்தார். அடுத்து தாய்லாந்து வீரர். காலிறுதியில் ஈக்வடோரின் கார்லோஸ் கொங்கோராவை 9–4 என்று வென்றபோதே பதக்கம் உறுதியாகிவிட்டது. அரையிறுதியில் கியூபாவின் எமிலியோ கொரியாவிடம் 5–8 என்று தோற்று வெண்கலத்தோடு திரும்பினார். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் அது. நூறு கோடிக்கு மேல் மக்கள் வாழும் நாட்டுக்கு ஒரு பஸ் டிரைவர் மகன் அதைக் கொண்டுவந்தார்.

2009இல் மிலான் உலகப் போட்டியில் வெண்கலம். 75 கிலோ பிரிவில் உலகத் தரவரிசையில் முதலிடம். 2010இல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம். கேல் ரத்னா, பத்மஸ்ரீ, ஹரியானா போலீசில் டி.எஸ்.பி. பதவி, விளம்பரப் படம், ஒரு இந்தி சினிமா... எல்லாம் வந்து சேர்ந்தன.

இருக்கிற வேலையை விட்டுப் பறக்கிற வேலைக்கு

இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும் என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் 2015 ஜூன் மாதம் இங்கிலாந்தின் குவீன்ஸ்பெரி புரோமோஷன்ஸ் என்ற நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு தொழில்முறைக் குத்துச்சண்டைக்குப் போனார். அப்போது வயது இருபத்தொன்பது. இந்தத் தொழிலில் பலர் இருபது வயதிலேயே தொடங்கிவிடுகிறார்கள்.

அமெச்சூர் சண்டைக்கும் தொழில்முறைச் சண்டைக்கும் என்ன வேற்றுமை? அமெச்சூரில் மூன்று சுற்று, தலா மூன்று நிமிடம். வேகமாகப் புள்ளி சேர்ப்பதுதான் முக்கியம். தொழில்முறையில் புதியவனுக்கு நாலு சுற்று; பிறகு ஆறு, எட்டு, பத்து என்று ஏறி, உலகப் பட்டச் சண்டை பன்னிரண்டு சுற்று. தலைக்கவசம் கிடையாது. புள்ளி சேர்த்தால் மட்டும் போதாது. ஆளைத் தளர்த்த வேண்டும், விலாவில் அடித்து மூச்சை வாங்க வேண்டும். நூறு மீட்டர் ஓடியவனை நெட்டோட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தியது மாதிரி. மான்செஸ்டரில் லீ பியர்ட் என்ற பயிற்சியாளரிடம் விஜேந்தர் ஏறக்குறைய எல்லாவற்றையும் மறுபடி கற்றுக்கொண்டார்.

2015 அக்டோபர் 10ஆம் தேதி மான்செஸ்டரில் முதல் சண்டை. சன்னி வைட்டிங் என்பவரை மூன்றாம் சுற்றில் நிறுத்தினார். அடுத்த மாதம் டப்ளினில் முதல் சுற்றிலேயே வெற்றி. டிசம்பரில் இன்னொன்று. மார்ச்சில் லிவர்பூலில் ஹங்கேரிக்காரர் அலெக்சாண்டர் ஹோர்வத். பாம்பு இரத்தம் குடித்துவிட்டு வருகிறேன் என்று பத்திரிகைகளுக்குச் சொன்ன ஆசாமி! அவரும் மூன்றாம் சுற்றைத் தாண்டவில்லை. பாம்புக்குத்தான் பாவம். 2016 ஏப்ரல் 30ஆம் தேதி லண்டனில் ஒரு சண்டை. இரண்டே வாரத்தில், மே 13ஆம் தேதி போல்டனில் இன்னொரு சண்டை. இரண்டிலும் வெற்றி.

ஆறு சண்டை, ஆறும் ஐந்து சுற்றுக்குள் முடிந்தன. இங்கே ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் ஒரு வீரனுக்கு எதிரியைத் தேர்ந்தெடுப்பவர் புரோமோட்டர். வளர்க்க நினைக்கிற பையனுக்குச் சுலபமான ஆளாகப் பார்த்துக் கொடுப்பார்கள். எதிர்மூலையில் நிற்கிறவர் பல நேரங்களில் தோற்பதற்கென்றே கூலிக்கு வந்த மனிதர். அவருக்கும் குடும்பம் இருக்கும். ஆகவே ஒரு பையன் "ஆறுக்கு ஆறு ஜெயித்தேன்" என்றால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பையனை வளர்க்கிறார்களா, அல்லது வேறொருவன் வளர்வதற்கு அவனை உரமாகப் போடுகிறார்களா என்பதுதான் பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

விஜேந்தரின் மெய்யான சோதனை 2016 ஜூலை 16ஆம் தேதி வந்தது. டில்லி தியாகராஜ் அரங்கம். எதிரே ஆஸ்திரேலியாவின் கெர்ரி ஹோப், அனுபவசாலி. முதல் முறையாகப் பத்துச் சுற்றும் நின்று சண்டை போட்டார். மூன்று நடுவர்களும் அவருக்கே வெற்றி கொடுத்தார்கள். டபிள்யூ.பி.ஓ. ஆசிய பசிபிக் பட்டம் கிடைத்தது. இதைக் கேட்டு "உலக சாம்பியன்" என்று சிலர் எழுதிவிடுவதுண்டு. அது சரியல்ல. டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. என்று நான்கு பெரிய அமைப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியே உலகப் பட்டம் கொடுக்கிறது. ஆசிய பசிபிக், ஓரியண்டல் என்பவையெல்லாம் அந்த மாடிக்குப் போகிற படிக்கட்டுகள். விஜேந்தர் படிக்கட்டில் நன்றாக ஏறினார், மாடியைத் தொடவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் தான்சானியாவின் பிரான்சிஸ் செக்காவை மூன்றாம் சுற்றில் வீழ்த்தினார். 2017 ஆகஸ்டு 5ஆம் தேதி மும்பையில் சீன வீரர் சுல்பிகார் மைமைதியாலியைப் புள்ளிகளில், மிக நெருக்கமாக, வென்று ஓரியண்டல் பட்டத்தையும் எடுத்தார். அப்போது டோக்லாம் எல்லையில் இந்திய, சீனப் படைகள் எதிரெதிரே நின்ற நேரம். பதற்றம் வேண்டாம், இந்தப் பட்டத்தைத் திருப்பிக் கொடுக்கத் தயார் என்று மேடையிலேயே சொன்னார். எனக்கு அவருடைய குத்துகளைவிட அந்தப் பேச்சுதான் பிடித்தது.

காத்திருக்கும் தொழில்

2017 டிசம்பரில் ஜெய்ப்பூரில் வென்ற பிறகு, அடுத்த சண்டை எப்போது தெரியுமா? 2019 ஜூலை. ஒன்றரை ஆண்டு இடைவெளி! இடையில் அமெரிக்காவின் டாப் ரேங்க் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனது. சண்டைக்குத் தேதி குறித்தார்கள், பயிற்சியில் முகத்தில் வெட்டுக்காயம் பட்டது, தேதி போயிற்று. தோட்டத்தில் மழை பெய்தால் அன்றைய கூலி போச்சு என்போமே, அதுபோலத்தான். சண்டை இல்லாவிட்டால் பணம் இல்லை. பயிற்சி மட்டும் தினமும் நடக்க வேண்டும். உணவு, மருத்துவம், ஜிம் கட்டணம் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேடைக்குப் பேசிய தொகை முழுவதும் வீரன் கைக்கு வராது. பயிற்சியாளருக்கு வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கு. மேனேஜருக்கு அதைவிடக் கூடுதல். சில இடங்களில் மூன்றில் ஒரு பங்கு வரைகூடப் போகும். பட்டச் சண்டை என்றால் அந்த அமைப்புக்கும் கட்டணம் கட்ட வேண்டும். நாலு சுற்றுப் பையனுக்கு இதெல்லாம் போக மிஞ்சுவது சொற்பம். பெரும்பாலோர் பகலில் வேறு வேலை செய்துகொண்டுதான் சண்டை போடுகிறார்கள். நாம் பேப்பரில் படிக்கும் கோடிகள் ஒரு சிலருக்கு.

விஜேந்தர் 2019இல் நியூவார்க் நகரிலும் துபாயிலும் வென்று, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று கணக்கு வைத்திருந்தார். நடுவில் அரசியலும் பார்த்தார். போலீஸ் பதவியை விட்டுவிட்டுத் தெற்கு டில்லித் தொகுதியில் நின்று தோற்றார். பிறகு கொரோனா. பதினாறு மாதம் மேடை ஏறவில்லை. 2021 மார்ச் 19ஆம் தேதி கோவாவில், ஆற்றில் நின்ற ஒரு கெசினோ கப்பலின் மேல்தளத்தில் மேடை போட்டார்கள். எதிரே ரஷ்யாவின் ஆர்திஷ் லோப்சான், இளையவர், நல்ல உயரம். ஐந்தாம் சுற்றில் நடுவர் சண்டையை நிறுத்தினார். தொழில்முறையில் விஜேந்தருக்கு அது முதல் தோல்வி. வயது முப்பத்தைந்து. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ராய்ப்பூரில் கானா நாட்டு வீரர் ஒருவரை இரண்டாம் சுற்றில் வீழ்த்தி மறுபடி வென்றார். ஏழு ஆண்டில் பதினான்கு சண்டை, பதின்மூன்று வெற்றி.

பெய்ஜிங்கில் விஜேந்தரிடம் தோற்ற பாடு ஜாக் இருக்கிறாரே, அவர் சீக்கிரமே தொழில்முறைக்குப் போய் 2015இல் உலகப் பட்டத்தையே வென்றுவிட்டார். அவர் உலகப் பட்டம் வென்ற அந்த ஆண்டில்தான் விஜேந்தர் முதல் சண்டை போட்டார். முன்னதாகப் போயிருந்தால்? கேட்கலாம்தான். ஆனால் முன்னதாகப் போயிருந்தால் டி.எஸ்.பி. பதவியும், விழுந்தால் தாங்குகிற ஒரு பெயரும் இருந்திருக்குமா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

தாய் கேட்காத கேள்வி

அந்த அம்மா பணத்தைப் பற்றித்தான் என்னிடம் கேட்டார். உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை. பயத்தால் கேட்காமல் இருந்திருப்பார். நான் மறைக்க முடியாது.

தலையில் திரும்பத் திரும்ப அடி வாங்கும் வீரர்களுக்கு மூளை பாதிக்கப்படுவதை மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். பேச்சு குழறும், நடை தள்ளாடும், நினைவு மங்கும். இது மேடையில் மயங்கி விழுவதால் மட்டும் வருவதல்ல. ஒவ்வொரு நாளும் பயிற்சியில் வாங்கும் சின்னச் சின்ன அடிகளும் சேர்ந்துகொள்ளும். 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மான்சினியோடு மோதிய கொரிய இளைஞர் கிம் டக்-கூ பதினான்காம் சுற்றில் விழுந்து, சில நாளில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் உலகப் பட்டச் சண்டையைப் பதினைந்து சுற்றிலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தார்கள். நம் மெர்டேக்கா ஸ்டேடியத்தில் பதினைந்து சுற்று ஆடிய அலிக்கு 1984இல் பார்க்கின்சன் நோய் என்று கண்டறிந்தார்கள். குத்துச்சண்டைதான் காரணமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. 2016இல் அவர் காலமானபோது என் தந்தை அன்று முழுவதும் யாரிடமும் பேசவில்லை.

உடல் எடையும் ஒரு தொல்லை. சண்டைக்கு முதல் நாள் தராசில் ஏறவேண்டும். அதற்காகத் தண்ணீர் குடிக்காமல், வியர்த்து வடித்து, நாலைந்து கிலோ குறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வளரும் பையனுக்கு இது நல்லதே அல்ல.

"அப்படின்னா அனுப்பாதீங்கன்னு சொல்லிட்டீங்களா சார்?" என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை, சொல்லவில்லை.

நம் பையன்களுக்குக் கை நீளம் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. கோபம் வந்தால் தெருவில் இறங்கி, கூட்டம் சேர்த்து, பெயர் கெட்டுப் போனவர்களை நீங்களும் நானும் பார்த்திருக்கிறோம். சிலருடைய கருமாதிக்கும் போயிருக்கிறோம். இந்தப் பையனோ ஓராண்டாகப் பின்னேரம் மோட்டார் சைக்கிளில் ஜிம்முக்குப் போய், கயிறு தாண்டி, மூட்டையைக் குத்தி, இரவு பத்து மணிக்கெல்லாம் வீட்டில் படுத்துவிடுகிறான். சிகரெட்டைக் கையால் தொடுவதில்லை. அந்தக் கட்டுப்பாட்டை எந்த வகுப்பறையிலும் நான் அவனுக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. அதைப் பறித்துவிட்டு அவனுக்கு வேறு எதைக் கொடுப்பது?

மாதம் முடிந்ததும் இருவரையும் அழைத்து உட்காரவைத்தேன். விஜேந்தர் கதையைச் சொன்னேன். பையன் அமெச்சூர் பதக்கங்களைப் பற்றிக் கேட்கும்போது தலையை ஆட்டினான். வெட்டுக்காயம், ஒன்றரை ஆண்டு காத்திருப்பு என்றபோது தலை நின்றுவிட்டது. "மூளைக்கு டெஸ்ட் இருக்கா சார்?" என்று அவனே கேட்டான். இருக்கிறது என்றேன். முறையாக நடத்தப்படும் தொழில்முறைச் சண்டைக்கு முன் மருத்துவச் சோதனை கேட்பார்கள். கேட்காத இடத்தில் மேடை ஏறாதே என்றேன்.

அந்த அம்மா நெடுநேரம் யோசித்துவிட்டு, "அந்த டிரைவர் வீட்டுப் பையன் வேலைய கையில வச்சிக்கிட்டுதானே போனாரு?" என்றார். நான் ஒரு மாதம் படித்துக் கண்டுபிடித்ததை அவர் ஒரே வரியில் பிடித்துவிட்டார்.

அங்கேயே முடிவாயிற்று. எஸ்.பி.எம். எழுதி முடிக்கும்வரை அமெச்சூர் போட்டி மட்டும். அதன் பிறகு வெல்டிங்கோ மின்சாரமோ ஒரு தொழிற்பயிற்சிச் சான்றிதழ். தொழில்முறை ஒப்பந்தம் என்று எவர் தாளை நீட்டினாலும், அம்மா பார்க்காமல், நான் படித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடுவதில்லை. பையன் கொஞ்சம் முணுமுணுத்தான். பிறகு, "வெல்டிங்க்னா கண்ணு கெட்டுடும் சார், மின்சாரம் படிக்கிறேன்" என்றான். குத்து வாங்கப் போகிறவனுக்குக் கண்ணைப் பற்றிய கவலை! அம்மாவே சிரித்துவிட்டார்.

அடுத்த மாதம் மாநில அளவிலான போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். எடை 60 கிலோ பிரிவு. போக வர வேன் வாடகைக்குப் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து பணம் போட்டிருக்கிறார்கள். அம்மா வரமாட்டாராம், பார்க்கத் தைரியம் இல்லையாம். என்னைப் போகச் சொல்லியிருக்கிறார். சண்டை முடிந்த உடனே, ஜெயித்தானா தோற்றானா என்பதற்கு முன்னால், நல்லா இருக்கானா என்று போன் பண்ணச் சொல்லியிருக்கிறார்.